வீட்டிலேயே பாடம் தொடங்குபவர்களுக்கு: முதலில் காகிதம், அடுத்து வீடு, அதற்கப்புறம்தான் புத்தகம்

நான்கிலிருந்து ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் போகப் போவதில்லை. அதைப் பேச வீட்டிலேயே ஆள் இருப்பார்கள்.

நாங்கள் தொடங்கியபோது யாரைக் கேட்டாலும் எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம் என்றுதான் சொன்னார்கள். எந்தக் கடிதத்தை யாரிடம் எப்போது கொடுப்பது, பாடம் நடக்கும்போது அடுப்பை யார் பார்ப்பது, சின்னவன் வந்து பென்சிலைப் பிடுங்கினால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் பதில் இல்லை. ஒவ்வொன்றாக முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டோம். ஆரம்ப வகுப்புப் பாடம் கஷ்டமானதல்ல. எழுதப் படிக்கத் தெரிந்த எந்த அப்பா அம்மாவும் நடத்திவிடலாம். ஆட்டம் காண்பது வீட்டு நிர்வாகம்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். புத்தகம் வாங்குவது ஐந்தாம் படிக்கு மேல்தான் வரும்.

1. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள்

ஹோம்ஸ்கூலிங் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம், வீட்டுக்கல்விக்கு அநேகமாக இடமே இல்லை. சுவீடனில் அசாதாரணக் காரணம் காட்ட வேண்டும். பிரான்சில் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம். முன்பெல்லாம் தகவல் தெரிவித்தால் போதும், 2022 கல்வியாண்டிலிருந்து முன்அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு மார்ச் முதல் மே முடிய என்று காலக்கெடு வேறு. சுவிட்சர்லாந்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்ற திட்டத்தையும் கொடுக்க வேண்டும். பிள்ளை பின்னாளில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுதியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் எல்லா மாநிலங்களிலும் பதிவு கட்டாயம். கனடாவின் ஒன்டாரியோவில் பள்ளி வாரியத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கடிதம், செப்டம்பர் 1-க்கு முன். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு, ஆனால் டெக்சாஸில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றால் நியூயார்க்கில் ஜூலை 1-க்குள் அறிவிப்பு, அப்புறம் பாடத்திட்டம், காலாண்டு அறிக்கை, ஆண்டு மதிப்பீடு என்று வரிசையாகக் கேட்பார்கள். இங்கிலாந்தில் பிள்ளை ஏற்கெனவே பள்ளியில் இருந்தால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சிறப்புப் பள்ளியில் உள்ளாட்சி சேர்த்த பிள்ளை என்றால் அவர்களின் சம்மதமும் வேண்டும்.

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பொருந்தும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் இருக்கிறது. வீட்டுக்கல்விக்கென்று தனி விதி எதுவும் அதில் இல்லை. நடைமுறையில் பல குடும்பங்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் (என்.ஐ.ஓ.எஸ்.) வழியைப் பிடிக்கின்றன. அதன் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் ‘ஏ’ நிலை மூன்றாம் வகுப்புக்கும், ‘பி’ ஐந்தாம் வகுப்புக்கும், ‘சி’ எட்டாம் வகுப்புக்கும் சமம். பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இங்கே விழும் குழி ஒன்று: வேறு மாநிலத்தில், வேறு நாட்டில் இருக்கும் தோழி சொன்னதை நம்பிக்கொண்டு இறங்குவது. அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. இந்த விதிகள் அடிக்கடி மாறவும் செய்கின்றன. உங்கள் கல்வித் துறையின் இணையப் பக்கத்தை நீங்களே வாசித்து, வாசித்த தேதியோடு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழி இதைவிட ஆழம். கடிதம் கொடுப்பதற்கு முன்பே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். பள்ளியின் பதிவேட்டில் அது காரணமில்லாத விடுப்பாக ஏறும். விசாரிக்க ஆள் வந்தபின் கடிதம் நீட்டினால் அதற்கு மதிப்புக் குறைவு. முதலில் கடிதம், பிறகு கையெழுத்திட்ட ஒப்புகை, அப்புறம் நிறுத்தம். அனுமதி தேவைப்படும் இடமென்றால் மூன்று நான்கு மாதம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள்.

2. ஒரு கெட்டி ஃபைல் போடுங்கள்

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, உங்கள் முகவரிச் சான்று, பள்ளியில் இருந்திருந்தால் மாற்றுச் சான்றிதழும் கடைசி மதிப்பெண் அட்டையும், கொடுத்த கடிதங்களின் ஒப்புகைப் பிரதிகள், மருத்துவர் அல்லது பேச்சுப் பயிற்சியாளர் எழுதிய அறிக்கை ஏதாவது இருந்தால் அதுவும். மூலப் பத்திரம் ஒரு உறையில், இரண்டு செட் நகல் இன்னொரு உறையில். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டில் இருவர் கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா, எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். பெயர் இல்லாமல் பதிவான சான்றிதழ், ஓர் எழுத்து மாறிய முதலெழுத்து, இதெல்லாம் தேர்வுக்குப் பதியும் அன்றைக்குத்தான் கண்ணில் படும். பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு இந்தத் தலைவலியைப் பள்ளி அலுவலகம் முன்கூட்டியே சொல்லிவிடும். உங்களுக்குச் சொல்ல ஆள் கிடையாது.

மாற்றுச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து வாங்காமல் வந்துவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்கப் போனால் பழைய பதிவேட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

3. செலவுக் கணக்கு: புத்தகம் கடைசி வரிசையில்

பள்ளிக் கட்டணம் மிச்சம் என்று நினைத்து இறங்குபவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். பெரிய செலவு, வீட்டில் ஒருவருடைய சம்பளம் குறைவதோ நிற்பதோதான். அதை முதலில் காகிதத்தில் எழுதுங்கள். முழுச் சம்பளமா, பாதியா, எத்தனை வருடத்துக்கு? வேலையை விட்டால் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு ஆகியவையும் சேர்ந்து நிற்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது, மாதாமாதம் சத்தமில்லாமல் போகும் பணம்: பிரிண்டர் மை, காகிதம், வெளியே நீச்சல் அல்லது இசை வகுப்பு, போக்குவரத்து, நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் கூடும் மின்கட்டணம். மூன்றாவது, ஆண்டுக்கொரு முறை வரும் மதிப்பீடு, பதிவுக் கட்டணம். பாடத்திட்டமும் புத்தகமும் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். ஏழு வயது வரை நூலக அட்டை ஒன்றும் இலவசமாகக் கிடைக்கும் அரசுப் பாடநூல்களும் ஒரு வெள்ளைப் பலகையும் இருந்தால் தாராளம்.

ஆனாலும் முதல் வாரமே முழு ஆண்டுக்கான பாடத்திட்டப் பெட்டியை வரவழைப்பவர்கள்தான் அதிகம். ஆரம்பச் சூரத்தனம். பெட்டி வந்த மூன்றாம் வாரம் அது பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்று தெரியும், காசு போட்டுவிட்டோமே என்று வருடம் முழுக்க இழுத்துக்கொண்டிருப்போம். மூன்று மாதம் கழித்து வாங்குங்கள். அதற்குள் உங்கள் பிள்ளை எப்படிக் கற்கிறது என்பது உங்களுக்கே பிடிபட்டிருக்கும்.

4. பாடத்துக்கு முன் வீட்டை ஒழுங்கு செய்யுங்கள்

வீட்டில் பாடம் நின்றுபோவது பெரும்பாலும் பாடத்தால் அல்ல. துவைக்காத துணி, காலி பென்சில் டப்பா, பாதியில் அடிக்கும் போன், நேற்றைய காகிதம் குவிந்த மேசை, இவற்றால்தான். பிள்ளையை உட்காரவைத்துவிட்டு ரப்பர் தேடப் போனால், திரும்பி வரும்போது பிள்ளை அங்கே இருக்காது.

நேரத்தை முதலில் பிடியுங்கள். முழு நாளுக்கும் டைம்டேபிள் போடாதீர்கள். பள்ளியின் மணியடிக்கும் அட்டவணையை வீட்டில் ஒட்டினால் இரண்டாம் நாளே கிழிந்துவிடும். மாறவே மாறாத மூன்று நேரங்கள் போதும்: காலை பாடம் தொடங்கும் நேரம், மதிய ஓய்வு, இரவு படுக்கும் நேரம். இடையில் நடப்பது வரிசையில் நடந்தால் சரி, கடிகாரம் வேண்டாம். தூக்கத்தில் மட்டும் சமரசம் கூடாது. மூன்று நான்கு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். தூக்கம் குறைந்த நாளில் எந்தப் பாடமும் ஏறாது, அன்று கதை வாசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

பாடம் நடக்கும் நேரத்தில் சமையல் நடக்கக் கூடாது. இதை விதியாகவே வையுங்கள். ஒன்று அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், அல்லது இன்னொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். போன் வேறு அறையில். துணி மெஷினைப் பாடம் ஆரம்பிக்கும் முன் போட்டுவிட்டால் முடியும்போது அதுவும் முடிந்திருக்கும்.

பொருட்களுக்கு இரண்டு இடம்தான். ஒன்று, வெளியே எடுத்து வைக்கும் ‘இன்றைய தட்டு’: இன்றைக்கு வேண்டிய புத்தகம், சீவிய இரண்டு பென்சில், ரப்பர், எண்ணுவதற்கான பொத்தான்கள், ஒரு நோட்டு. முந்தின இரவே தயார் செய்துவிட வேண்டும். இரண்டு, மூடி போட்ட பெட்டிகள், பாடத்துக்கு ஒன்று. மீதி எல்லாம் அதற்குள், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில். அலமாரி நிறைய விளையாட்டுச் சாமான் கண்ணுக்குத் தெரிந்தால் எழுத்துப் பக்கம் கண் போகாது. தனி அறை, குட்டி மேசை, சுவரெல்லாம் விளக்கப்படம் என்று பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் கட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையே போதும், பாடம் முடிந்ததும் துடைத்துவிட்டால்.

வீட்டு வேலையில் பிள்ளைக்கும் பங்கு கொடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை தட்டுகளை மேசையில் வைக்கும், காலுறைகளை ஜோடி சேர்க்கும். அது கணக்குப் பாடமும்கூட. ஆறு வயதில் தன் துணியை மடிக்கும், செடிக்குத் தண்ணீர் ஊற்றும். நீங்கள் செய்வதைவிட நேரம் இரண்டு மடங்கு ஆகும், மடிப்பு கோணலாக இருக்கும். பின்னால் போய்ச் சரிசெய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த நாள் அது அந்த வேலையைத் தொடாது.

வேலைக்குப் போகும் துணைவரிடம் ‘உதவி’ கேட்காதீர்கள், பொறுப்பைப் பிரியுங்கள். யார் கணக்கு, யார் இரவு வாசிப்பு, யார் நூலகம், யார் ஃபைல் என்று எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

5. பாடத்தின் நீளத்தை முடிவு செய்யுங்கள்

ஐந்து வயதுக்கு ஒரு பாடம் பத்து நிமிடம், ஏழு வயதுக்குப் பதினைந்து இருபது. வாசிப்பு, கணக்கு, கை எழுத்து என்று மூன்றும் சேர்ந்தாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. ‘பள்ளியில் ஆறு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார்களே’ என்று பதற வேண்டாம். அங்கே முப்பது பேரை உட்காரவைப்பது, வரிசையில் நிறுத்துவது, இடைவேளை எல்லாம் அந்த ஆறு மணிக்குள்தான்.

வாரத்தில் நான்கு நாள் பாடம், ஐந்தாம் நாள் வெளியே. அந்த ஐந்தாம் நாள் விடுபட்டதைப் பிடிக்கவும் உதவும். பிள்ளை நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். ‘இன்னும் ஒண்ணு’ என்று அது கேட்கும்போது நிறுத்தினால் மறுநாள் தானாக வந்து உட்காரும். அழும்வரை இழுத்தால் மறுநாள் மேசையைப் பார்த்தாலே அழும்.

6. வாசிப்பு: எழுத்துக்கு முன் ஒலி

இந்தப் படியில்தான் அதிகம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் வீட்டுப் பாடத்தில் பாதி இதுதான்.

முதல் சில வாரம் எழுத்தே வேண்டாம். காதுக்குத்தான் வேலை. ‘படம், பல், பந்து, மரம், இதில் எது சேராதது?’ ‘கடலில் முதல் ஒலி என்ன?’ ‘மரத்தில் ‘ம’வை எடுத்துவிட்டு ‘ச’ போட்டால்?’ நடந்துகொண்டே, குளிக்கவைத்துக்கொண்டே கேட்கலாம். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து வெறும் அடையாளம். தெரியாத பிள்ளைக்கு அது மனப்பாடம்.

எழுத்துக்கு வரும்போது 247 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். உண்மையில் கற்க வேண்டியவை 12 உயிர், 18 அகர வரிசை எழுத்து, புள்ளி, ஆய்தம், துணைக்கால், கொம்பு போன்ற சில குறிகள். தனித்தனியாகப் படிக்க வேண்டியவை உகர ஊகார வரிசைகள் மட்டும்தான். கு, டு, து, ணு, மு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வளைவதால் அவற்றுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்.

அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக ஆரம்பித்து ஔ வரை போய்ச் சேர்வதற்குள் பிள்ளை களைத்துவிடும். இத்தனைக்கும் ஒரு சொல்லைக்கூட வாசித்திருக்காது. நான் பரிந்துரைப்பது வேறு. கோடுகள் எளிதான ட, ப, ம ஆகிய மூன்றும் புள்ளியும். இந்த மூன்றை வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் வாசித்துவிடலாம். கூட க, ல சேர்த்தால் கல், பல், கடல், பகல். முதல் வாரத்திலேயே ‘நான் படிச்சேன்’ என்று பிள்ளை ஓடிவரும். அகர வரிசைப் பாட்டைப் பாடட்டும், தவறில்லை. வாசிப்பை அதற்காகக் காக்கவைக்க வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் அநேகமாக எல்லா வீட்டிலும் வரும். மெய்யெழுத்தை ‘இக்’, ‘இட்’, ‘இம்’ என்று சொல்லிக்கொடுத்திருப்போம். பிள்ளை பட்டத்தை ‘ப – இட் – ட – இம்’ என்று வாசிக்கும். வேகமாக வாசி என்று அதட்டினால் ‘பஇட்டஇம்’ என்று வேகமாக வாசிக்கும். தீர்வு எளிது. ஒரு காகிதப் பட்டையால் சொல்லை மூடுங்கள். மெதுவாக இழுத்து, ‘ப’வும் ‘ட்’டும் ஒன்றாகத் தெரியும் அளவுக்கு மட்டும் திறந்து, ‘பட்’ என்று ஒரே மூச்சில் சொல்லிக்காட்டுங்கள். அடுத்து ‘டம்’. புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் உள்ளதோடு ஒட்டிக்கொள்ளும் என்பது நாலைந்து சொல்லில் பிடிபட்டுவிடும்.

கொம்புக் குறிகளிலும் கவனம். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிய பிள்ளை ‘கொ’வைப் பார்த்துக் ‘கெ... ஆ’ என்று திணறுவது சோம்பேறித்தனம் அல்ல. கொம்பு, ‘க’, துணைக்கால் மூன்றையும் ஒரே அட்டையில் ஒரே நிறத்தில் எழுதி, ஒரே எழுத்தாகக் காட்டுங்கள். துணைக்காலை முதலில், ‘கி’, ‘கீ’யில் வரும் கொக்கி அடுத்து, கொம்புகளைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ‘க’ வேறு வேறாக ஒலிக்கிறது என்று இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை சொல்லைத் தெரிந்திருப்பதால் தானாகவே சரியாக வாசிக்கும். வீட்டில் தமிழ் புழங்காத பிள்ளைக்குத்தான் இது இடிக்கும். அந்தப் பிள்ளைக்குப் பேச்சும் கதையும் முதலில், எழுத்து ஆறு மாதம் தள்ளி.

ஆங்கிலமும் வேண்டுமென்றால் அதே வழிதான்: எழுத்தின் பெயருக்கு முன் அதன் ஒலி. ஃபோனிக்ஸ் முறைகள் பலவும் s, a, t, p, i, n ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்குகின்றன, அவற்றை வைத்தே ‘pin’, ‘tip’, ‘nap’ என்று சொற்கள் கட்டலாம் என்பதால். இரண்டு மொழி எழுத்தையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். ஒன்றில் சிறு வாக்கியம் வாசிக்க வந்தபின் அடுத்தது.

பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கியதும் நீங்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அதன் கண் எட்டும் புத்தகமும் காது எட்டும் புத்தகமும் ஒரே அளவு அல்ல.

7. கணக்கு: சொல்வது வேறு, எண்ணுவது வேறு

நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழு பொத்தான்களைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் ஏறவில்லை என்று பொருள். அது ஏறும்வரை கூட்டலுக்குப் போகாதீர்கள்.

அடுத்து, எண்ணாமலே பார்த்துச் சொல்வது. மூன்று நான்கு பொருள் வரை சட்டென்று சொல்லிவிடும். ஐந்தைந்தாக இரண்டு வரிசையில் பத்துக் கட்டம் வரைந்து பொத்தான் வையுங்கள். ஏழு வைத்தால் மூன்று கட்டம் காலி என்பது கண்ணுக்கே தெரியும். பத்தின் ஜோடிகள் ஐந்துதான்: 1-9, 2-8, 3-7, 4-6, 5-5. இந்த ஐந்தும் விரல் மடக்காமல் வந்துவிட்டால் பின்னால் வரும் கூட்டல் கழித்தலில் பாதி முடிந்தது.

இரண்டிலக்க எண்களைத் தமிழில் சொல்லவைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘சிக்ஸ்டீன்’ என்று ஆறு முதலில் வருவதால் 61 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ‘பதினாறு’ என்றால் பத்து முதலில், ஆறு பிறகு, எழுதுவதும் அப்படியே. தொண்ணூறில் மட்டும் தடுமாறும். எண்பதுக்கு அடுத்து ‘நூறு’ போல ஒன்று கேட்பதால் 89-க்குப் பிறகு நூற்றுக்குத் தாவிவிடும். 900-லும் இதே கதை. இந்த இரண்டு இடத்திலும் பத்துப் பத்துக் கட்டாகக் குச்சிகளைக் கட்டிவைத்துக் காட்டுங்கள்.

8. கை எழுத்து

அவசரம் வேண்டாம். விரல் பலம் வரும்வரை மணல், மாவு, வெள்ளைப் பலகையில் பெரிதாக. களிமண் பிசைவது, கத்தரியால் வெட்டுவது எல்லாம் இந்தப் பாடம்தான். ஏழு வயது வரை எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதினால் அது சாதாரணம். இடதுகைப் பிள்ளையை வலதுகைக்கு மாற்றாதீர்கள், காகிதத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துக் கொடுங்கள், போதும்.

9. சின்னவன், உறவினர்கள், திரை

வீட்டில் இரண்டாவது பிள்ளை இருந்தால் முதல் கால் மணி நேரம் அதற்கு. மடியில் வைத்து ஒரு கதை, கொஞ்சம் விளையாட்டு. வயிறும் மனசும் நிறைந்த பிறகு பெரியவனிடம் போங்கள். பாடம் நடக்கும்போது மட்டும் வெளியே வரும் ஒரு சாமான் பெட்டி சின்னவனுக்கென்று இருக்கட்டும். டிவியைப் போட்டுவிட்டால் சுலபம்தான், ஆனால் பெரியவனின் காதும் அங்கேயே போய்விடும். இரண்டு முதல் நான்கு வயதுக்குத் திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் தூக்கத்துக்குச் சொன்ன அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த ஒரு மணியை நீங்கள் உண்மையிலேயே கைகால் நீட்ட வேண்டிய மாலை நேரத்துக்குச் சேமித்து வையுங்கள்.

பார்க்க வரும் பெரியப்பாவும் அத்தையும் ‘எங்கே, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்’ என்று ஆரம்பிப்பார்கள். தடுக்க முடியாது. ‘வாய்ப்பாடு இன்னும் வரல பெரியப்பா, ஒரு கதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க’ என்று பேச்சைத் திருப்புங்கள். பிள்ளை முன்னால் உங்கள் முடிவுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஒரு பாடத்தையே ஒப்படைத்துவிடுங்கள், கதை சொல்வதோ, எண்ணுவதோ. பொறுப்பு வந்ததும் குறைசொல்லல் குறைந்துவிடும்.

10. பதிவு வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்

தினமும் இரண்டு வரி: தேதி, என்ன நடந்தது. சாதாரண டைரி போதும். வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு ஒரு காகிதம் மட்டும் ஃபைலில், பின்பக்கம் தேதியுடன். மீதியைக் குப்பையில் போடுங்கள். எல்லாவற்றையும் பாசத்தோடு சேர்த்தால் வருடக் கடைசியில் மூட்டைதான் மிஞ்சும், கேட்கும் அதிகாரியிடம் எதை எடுத்து நீட்டுவது என்று தெரியாது. வாசித்த புத்தகங்களின் பட்டியல் தனியாக ஒரு தாளில். நன்றாக வந்ததை மட்டும் வைக்காமல், செப்டம்பரில் தப்பாக எழுதியதையும் டிசம்பரில் சரியாக எழுதியதையும் அருகருகே வையுங்கள். முன்னேற்றம் கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

மூன்று மாதம் முடிந்ததும் டைரியைப் புரட்டுங்கள். எது அடிக்கடி விடுபட்டிருக்கிறது? அந்தப் பாடத்தை நாளின் முதல் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரே எழுத்தில், ஒரே கணக்கில் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறது என்றால் புத்தகத்தை மாற்றுவதற்கு முன் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளியில் கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியர் சொல்வார். வீட்டில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாத குறை வருடக் கணக்கில் தெரியாமலே போகலாம். ஏழு வயது தாண்டியும் ஒலிகளைச் சேர்த்து வாசிக்க வரவில்லை என்றால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு கேளுங்கள். அதற்குக் காத்திருப்புப் பட்டியல் மாதக் கணக்கில் நீளும் என்பதால் சந்தேகம் வந்த அன்றே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் வந்தால், சேர்க்கை தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே அந்தப் பள்ளியிடம் என்ன கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். சிலர் நுழைவுத் தேர்வு வைப்பார்கள், சிலர் வயதை வைத்து வகுப்பு ஒதுக்குவார்கள். இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. தனித்தேர்வராகப் பின்னாளில் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. (பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு) போன்ற தேர்வு எழுதும் திட்டம் இருந்தால், நேரடியாகப் பதிய முடியாது, தனித்தேர்வரை ஏற்கும் மையம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பதிவுக் கெடு தேர்வுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும், எல்லா மையமும் வெளிப்பிள்ளையைச் சேர்ப்பதுமில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது ரொம்ப தூரம் என்று தோன்றும். மையங்களின் பெயரையும் அவர்கள் கேட்கும் அடையாள ஆவணத்தையும் மட்டும் இப்போதே ஃபைலின் கடைசித் தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.